வண்டி நிறுத்தப் போன குடும்பம்

பொய் சொல்ல ஆரம்பிப்பதற்கு எழுபத்தொரு வயது ஏற்ற வயது அல்ல. சின்ன வயதிலிருந்து பழகியவர்கள் சொன்னால் அது நிற்கும். என்னைப்போல் திடீரென்று இறங்கினால், சொன்ன பொய் மைக்கில் நம் பேரைச் சொல்லியே கூப்பிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. அதுவும் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் நாலாவது மாடியில்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஆறு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் எழுத்தாகிவிடுகிறது. வந்த எழுத்தைப் படித்துக் காட்டவும் போனுக்குள் ஒரு பெண் இருக்கிறாள். எந்நேரமும் கோபமாக இருப்பது போலப் படிப்பாள். ஆனால் வேலையில் சுத்தம். இந்தக் கட்டுரையை மட்டும் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கவிதா எழுதி, வாக்கியங்களை நிமிர்த்தி வைத்திருக்கிறாள். அடைப்புக்குள் இருப்பவை, "அதுல மட்டும் கை வெக்காதே கண்ணு" என்று நான் சொன்னவை. (வெக்கலீங்க. நல்ல புள்ள.)

கவிதாவும் என் மகன் செந்திலும் கனடாவில் இருக்கிறார்கள். கடைசியாக வந்திருந்தபோது கவிதாதான், "அத்தை, நீங்க பேசறதை நான் ஒருத்தி கேட்டாப் பத்தாதுங்க" என்று ஒரு பேஜ் தொடங்கிக் கொடுத்தாள். பேர், 'உள்ளதைச் சொல்றேனுங்க'. சிங்காநல்லூரில் இருக்கும் ஒரு கிழவி அன்றன்று நடந்ததை உள்ளபடி சொல்வது, அவ்வளவுதான். இன்று ரசம் புளித்துவிட்டது. குளத்துப் பக்கம் நடக்கப் போனேன், செருப்பு அறுந்துவிட்டது, ஒற்றைச் செருப்போடு திரும்பினேன். பிரஷர் மாத்திரை போட்டேனா என்று ஞாபகமில்லை, போடவில்லை என்று முடிவு செய்து போட்டேன், அட்டையை எண்ணிப் பார்த்தால் ரெண்டு குறைகிறது. இதையெல்லாம் முந்நூறு பேர் படிக்கிறார்கள். கோபியிலிருந்து ஒரு அம்மா, "உங்க ரசம் புளிச்சுப்போச்சுன்னு கேட்டு மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுங்க" என்று எழுதியிருந்தார். யார் வீட்டு ரசமும் ஒழுங்காக வருவதில்லை போலிருக்கிறது. வெளியே சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்தக் கதை நடக்கும் வரைக்கும் பேஜில் ஒரு பொய் கூடச் சொன்னதில்லை என்பதில் எனக்குப் பெரிய கர்வம். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சமையல்கட்டில் இருக்கும்போதும் முன்னறையில் டிவியைப் போட்டு வைப்பேன். அது நாடகம் பார்க்க அல்ல. வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். அதை மட்டும் சொன்னதில்லை.

இப்போது பிறந்தநாள் கதைக்கு வருகிறேன். என் அம்மாவுக்கு நான் பிறந்த தேதி தெரியாது. கொடுமுடியில் ஆடிப் பெருக்குக்கு ஆற்றுத் தண்ணீர் பார்க்கப் போன வாரத்தில் பிறந்தேன் என்பது வரைக்கும் தெரியும். வருடம் கேட்டால், "நம்ம செவலை மாடு ரெட்டைக் கன்னு போட்ட வருசம்" என்பாள். இந்தக் கணக்கை ஆதார் அட்டை எடுக்க வந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர்தான் தீர்த்து வைத்தார். "ஆகஸ்ட்டு ஒண்ணாந் தேதின்னு போட்டுருங்க அம்முணி. மில்லுல சம்பள நாளு, மறக்காது." அவர் மில்லை விட்டு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஒண்ணாந் தேதி என்றால் அவர் முகத்துக்கு ஒரு களை வரும்.

அதிலிருந்து வருடா வருடம் ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வருவார். பிறந்தநாளுக்கு என்று சொல்ல மாட்டார். "கடையில கூட்டமில்ல, அதான்" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். நான் சொல்லும் ஆடிக்கு அவர் போய் நாலு வருடமாகியிருந்தது. அவருக்குப் பிறகு என் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தது உலகத்தில் ரெண்டே பேர். ஒன்று அரசாங்கம். இன்னொன்று அந்தத் துணிக்கடை. (பேரு சொல்ல மாட்டனுங்க. அவிய மேல ஒரு குத்தமும் இல்ல.)

போர்வை வாங்கப் போனபோது பில் போட்ட பெண் பிறந்த தேதி கேட்டு வாங்கி வைத்திருந்தாள். ஆகஸ்ட் பிறந்ததும் போனில் செய்தி வந்துவிட்டது. போனுக்குள் இருக்கும் கோபக்காரி படித்தாள். "அன்புள்ள திருமதி பழனாத்தாள் அவர்களே, இது உங்கள் பிறந்த மாதம். குடும்பத்துடன் வருக. உங்களுக்கு ஒரு சேலை பாதி விலையில். கேக் வெட்டிக் கொண்டாடி, சட்டமிட்ட குடும்பப் படத்தை இலவசமாகப் பெறுக." நாலு தடவை படிக்க வைத்தேன். அன்புள்ள என்று என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. வீட்டுக்காரர் 'இந்தா' என்பார். அதிலேயே எல்லாம் அடக்கம்.

மைக்கை அமுக்கி, "பொறந்த மாசத்துக்கு எனக்கு நானே சேலை எடுக்கப் போறேனுங்க" என்று பேஜில் போட்டேன். கோபி அம்மா உடனே கேட்டார், "சந்தோசமுங்க! யாரு கூட்டிட்டுப் போறாங்க?"

பதில் சொல்ல மைக்கை மூன்று தடவை அமுக்கினேன். மூன்று தடவையும் அழித்தேன். டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறிப் போனேன். நாலாவது மாடியில் சேலை விற்கும் பெண் என்னைப் பார்த்ததும் சாம்பல், காப்பிக்கொட்டை, வெந்த பருப்பு நிறங்களாக எடுத்துப் போட்டாள். வயதானவர்களுக்கு என்று ஒரு தனி அடுக்கே வைத்திருப்பார்கள் போல. அதற்கு மேலே ஒரு கிளிப்பச்சைச் சேலை, அரக்குக் கரையோடு, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அது யாருக்குங்கம்மா?" என்றாள்.

"எனக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் வாய், "எம் மருமகளுக்குங்க" என்றது.

"மருமக வந்திருக்காங்களா?"

"வந்திருக்கறாங்க. வண்டி நிறுத்தப் போயிருக்கறாங்க."

வீட்டுக்காரர் மறைந்து நாலு வருடம் சாம்பல் நிறமே கட்டியவள் பச்சைச் சேலையைக் கேட்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக ஒரு மருமகளை இறக்கி, அவள் உட்கார ஒரு காரையும் இறக்கிவிட்டேன். (எனக்கே தெரியலீங்க, எங்கிருந்து வந்துச்சுன்னு.)

சேலையோடு பிறந்தநாள் மேடைக்கு அனுப்பினார்கள். மேடை என்றால் ரெண்டு படி உயரம். பலூன் கட்டிய வளைவு, பூ வைத்த மேசை, பின்னால் ஏழு நாற்காலி. அங்கே ரேவதி என்று ஒரு பெண் கையில் மைக்கோடு நின்றிருந்தாள். அத்தனை சந்தோசமான பெண்ணை நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்து மேடையேற்றி, கேக்கில் என் பேரை எழுதச் சொல்லிவிட்டு, "ஃபேமிலி எங்கீங்கம்மா?" என்றாள்.

"வாராங்க கண்ணு. வண்டி நிறுத்தறாங்க."

"எத்தனை பேருங்கம்மா?"

நாற்காலிகளைப் பார்த்தேன். "ஏழு."

"என்ன காருங்க?"

"வெள்ளைக் காரு." (கோயமுத்தூருல வேற என்ன கலருல காரு ஓடுது?)

பத்து நிமிடம் ஆனது. மெழுகுவர்த்தி செருகினார்கள். சுற்றிலும் சேலை எடுக்க வந்தவர்கள் பார்த்தார்கள். நான் லிஃப்ட் கதவையே பார்த்தேன். அது திறக்கும்போதெல்லாம், என் குடும்பம் உண்மையாகவே இறங்கிவிடும் போலச் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன். பொய் சொன்னவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை. இருபது நிமிடமானதும், டை கட்டிய சூப்பர்வைசர் வந்து வாட்ச்மேனைக் கீழே அனுப்பினார். வாட்ச்மேன் மூச்சு வாங்க ஏறி வந்து, "வெள்ளைக் காரு இருபத்திரெண்டு நிக்குதுங்க சார். எதைக் கேக்கட்டும்?" என்றான்.

"வண்டி நம்பரு எனக்கு மறந்துபோச்சுங்க, நான் கெளம்பறேன்" என்று எழுந்தேன்.

"அய்யோ, பொறந்தநாளும் அதுவுமா! இருங்கம்மா, நான் கூப்பிடறேன்" என்று ரேவதி மைக்கைத் தட்டினாள்.

ஆறு மாடியிலும் ஒலித்தது. "அன்பான வாடிக்கையாளர்களே! பழனாத்தாள் அம்மா அவர்களின் குடும்பத்தார், கடையில் எங்கிருந்தாலும் உடனடியாக நாலாவது மாடிக்கு வரவும். வெள்ளைக் காரை நிறுத்தச் சென்றவர்கள் உடனே வரவும். அம்மா உங்களுக்காகக் காத்திருக்கிறார்!"

நல்ல குரல் அவளுக்கு. அதனால்தான் தாங்க முடியவில்லை. அம்மா காத்திருக்கிறார் என்று நான் ஒருநாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. செந்தில் போன் செய்தால், "எனக்கென்ன சாமி, பொழுதே பத்தறதில்ல" என்றுதான் சொல்வேன். இப்போது என்னிடம் கேட்காமல், ஆறு மாடிக்கும், எஸ்கலேட்டரில் நிற்பவர்களுக்கும், பாத்ரூமில் இருப்பவர்களுக்கும் சேர்த்து இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூன்று தடவை சொன்னாள்.

மூன்றாவது தடவைக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம்.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ரெண்டு ரெண்டு படியாகத் தாண்டி ஓடி வந்தார். பின்னால் அவர் சம்சாரம், ஒரு கல்யாணப் பெண், சித்தி, மாமன் என்று பத்துப் பேர், கையில் துணிப் பைகளோடு. அவருக்கு வேர்த்து ஊற்றியது. "ஏனுங்க, பழனாத்தா குடும்பம் நாங்கதானுங்க! அம்மாவுக்கு என்னாச்சுங்க? உளுந்துட்டாங்களா?"

எங்கள் பக்கம் பழனாத்தாளுக்குப் பஞ்சமில்லை. என் தெருவிலேயே என்னோடு சேர்த்து மூன்று பேர். இவர்கள் உடுமலைப்பேட்டையிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த வேறொரு பழனாத்தாளின் குடும்பம். ஒரு பழனாத்தாளுக்காக ஒரு மகன் வேட்டி தடுக்க ஓடி வருவதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. (எனக்கில்லீன்னாலும்.)

"இவங்கதானுங்களாம்மா உங்க பையன்?" என்று ரேவதி பூரித்துப் போய்க் கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேக்கைப் பார்த்தார், ஏழு காலி நாற்காலியைப் பார்த்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். வேறு ஊர்க்காரராக இருந்தால், "இது யாருன்னே தெரியாதே" என்று அங்கேயே போட்டு உடைத்திருப்பார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வயசானவளை நாலு பேர் முன்னால் அப்படி விட்டுவிட வாய் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க. வண்டி நிறுத்த எடமே கெடைக்கலீங்க" என்றார்.



அவர் சம்சாரம் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தாள். "ஏனுங்க, யாருங்க இது?"

"சித்தெ கம்முனு நில்லு."

"உங்க பக்கத்துச் சொந்தமா? எனக்குத் தெரியாம ஒரு ஒறம்பரையா?"

"நில்லுன்னா நில்லு புள்ள. போட்டோ எடுக்கறாங்க, சிரி."

பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். ரேவதி பாட்டுப் பாடினாள். அந்தக் கல்யாணப் பெண் என் தோளில் பச்சைச் சேலையைப் போர்த்திவிட்டாள். கேக் வெட்டினேன். "ஊட்டி விடுங்கண்ணா!" என்றாள் ரேவதி. உடுமலைக்காரர் ஒரு துண்டை எடுத்து, "சாப்புடுங்கம்மா" என்று என் வாயில் வைத்தார்.

அதே நேரத்தில் பாத்ரூம் பக்கமிருந்து ஊன்றுகோலை டொக் டொக்கென்று வைத்துக்கொண்டு, எண்பது வயதில் உண்மையான பழனாத்தாள் வந்து சேர்ந்தார்.

"அடே சுப்பு! எவளுக்குடா ஊட்டிட்டிருக்கறே?"

ரேவதியின் கையில் மைக் திறந்தே இருந்தது. ஆறு மாடிக்கும் கேட்டது.

"அம்மா, அது வந்து..." என்றார் சுப்பு, கையில் பாதிக் கேக்கோடு.

அந்தம்மா மேடையருகே வந்து கோலை ஊன்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு அம்முணி?"

"நானும் பழனாத்தாதானுங்க."

"செரி. இவன் எம் பையன். உம் பையன் எங்க?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பழக்க தோசம், வாய் முந்திக்கொண்டது. "பார்க்கிங்ல இருக்கறானுங்க."

"எந்தப் பார்க்கிங்கு?"

மைக்கைப் பார்த்தேன். சூப்பர்வைசரைப் பார்த்தேன். இனி ஒளிய இடமில்லை.

"கனடாவுங்க."

நாலாவது மாடி முழுக்கச் சிரித்தது. மற்ற மாடிகளிலும் சிரித்ததாகப் பின்னால் வாட்ச்மேன் சொன்னான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததற்குச் சிரிப்புதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று இன்னும் சத்தமாகச் சிரித்தேன். அந்தப் பழனாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "அத்தனை தொலைவுல நிறுத்திப்போட்டு அவன் எப்ப நடந்து வாரது?" என்றார்.

பிறகு கோலைச் சுப்புவிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். "கண்ணு, இன்னொரு படம் எடு. இந்தப் பழனாத்தாளும் இருக்கட்டும்." என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் தோளில் கிடந்த சேலையைத் தடவிப் பார்த்து, "நல்ல பச்சை. கட்டு" என்றார். கீழே போகும்போது சுப்பு என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

சட்டம் போட்ட படத்தோடு பஸ் ஏறினேன். படத்துக்கு அடியில், 'பழனாத்தாள் குடும்பத்தார்' என்று எழுதியிருப்பதாகக் கண்டக்டர் படித்துச் சொன்னார். "பெரிய குடும்பமுங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன்.

இத்தனை அவமானத்துக்கு அப்புறம் மனுசி திருந்தியிருக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பேஜில் போட்டு, "குடும்பத்தோட பொறந்தநாளு கொண்டாடினேனுங்க" என்று மைக்கில் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன் என்று பேர் வைத்த பேஜில் முதல் பொய். அதுவரை கிடைக்காத அளவுக்கு லைக் கிடைத்தது. கோபி அம்மா எழுதியிருந்தார், "பையன் மூக்கு அச்சு அசல் உங்க மூக்குங்க!" அதைக் கோபக்காரியை ரெண்டு தடவை படிக்க வைத்துக் கேட்டேன்.

அடுத்த நாள் காலையில் கவிதா கூப்பிட்டாள்.

"அத்தை, பொறந்தநாள்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? படத்துல அந்த வேட்டிக்காரர் யாருங்க?"

"அது நம்ம... உடுமலை ஒறம்பரை."

"உடுமலையில நமக்கு ஒறம்பரை ஏதுங்க?"

டிவியை அணைத்தேன். உட்கார்ந்தேன். பச்சைச் சேலையிலிருந்து பார்க்கிங் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளைக் கார் வந்தபோது சிரித்தாள். மைக் வந்தபோது சிரித்தாள்.  கனடா வந்ததும் மூக்கை உறிஞ்சும் சத்தம். போன் செந்தில் கைக்கு மாறியது.  அவன் மூச்சு மட்டும் கேட்டது. சின்ன வயதில் கோபித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பான், அப்போதும் இப்படித்தான் கேட்கும்.

"நான் ரொம்ப நேரமா நிறுத்திட்டேன் இல்லம்மா?" என்றான் கடைசியில்.

"போச்சாது சாமி, பரவால்ல. பார்க்கிங் டோக்கனை மட்டும் தொலைச்சுறாதே" என்றேன்.

அன்றைக்கே மைக்கை அமுக்கி, நடந்ததை நடந்தபடி பேஜில் சொன்னேன். சேலை விசயத்தையும் சொன்னேன். யாருமில்லாத அறையில் டிவி பேசும் விசயத்தையும் சேர்த்துச் சொன்னேன். லைக் பாதியாகக் குறைந்தது. கோபி அம்மா மட்டும் நீளமாக எழுதியிருந்தார். அவர் வீட்டில் டிவி இல்லையாம், ரேடியோவாம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் வராத ஆளுக்கெல்லாம் 'பார்க்கிங்ல இருக்கறவங்க' என்றுதான் பேர். கவிதாவும் செந்திலும் போனிலேயே பார்த்த கவிதாவின் தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வரத் தாமதமானபோது, "பார்க்கிங்ல இருக்கறாராமா?" என்று பந்தலே சிரித்தது. சுப்பு ஆடி மாதம் தேங்காய் மூட்டையோடு வந்து இறங்கும்போது, "ஏனுங்கம்மா, வண்டி நிறுத்த எடம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். ஞாயிற்றுக்கிழமை செந்தில் போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "எடம் கெடைச்சுதா சாமி?" அவன் சொல்வது, "சுத்திட்டேதாம்மா இருக்கேன், இந்தா வந்துருவேன்." ரெண்டு பேரும் சிரிப்போம். நாலு ஆடி இப்படியே போயிற்று.

வாசலில் ஒரு கார் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். கோலத்தைக் கூட அதற்கு இந்தப் பக்கம் தள்ளித்தான் போடுகிறேன். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை அங்கே கொண்டுவந்தால் பச்சைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், "அங்க வேண்டாமுங்க, எம் பையன் வண்டி நிறுத்தற எடமுங்க அது" என்பேன். (இது பொய்யில்லீங்க. எடம் நெசந்தான்.)